பினகால் போரானிக் எஸ்டர்: என்ன பொருள், எதற்கு, எப்படிக் கையாள்வது

‘போரானிக் ஆசிட் பினகால் எஸ்டர்’ என்று முடியும் நீளமான பெயர்கள் மருந்து மூலப்பொருள் ஆலைகளின் கொள்முதல் பட்டியலில் இன்று சர்வசாதாரணம். பெயரைப் பார்த்ததும் இரண்டு விதமான முடிவுக்கு வருகிறார்கள். ‘போரான்தானே, கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடர் மாதிரி’ என்பது ஒன்று. பாதுகாப்புத் தாளில் மரபணுப் பிறழ்வு பற்றி ஒரு வரியைப் படித்துவிட்டு பாட்டிலைத் தொடவே தயங்குவது இன்னொன்று. இரண்டுமே தவறு. இந்தப் பொருள் எதற்குப் பயன்படுகிறது, எங்கே சொதப்புகிறது, எதற்குப் பயப்பட வேண்டும் என்ற மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: போரான் ஆக்சிஜனைப் பிடிக்கும் விதம், விடும் விதம். அங்கிருந்தே தொடங்கலாம்.

போரானிடம் இருக்கும் காலி இடம்

போரானுக்கு வெளிக்கூட்டில் மூன்று எலக்ட்ரான்கள்தான். மூன்று பிணைப்பு போட்ட பிறகும் அதைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே இருக்கும், எட்டு நிரம்பாது. ஒரு ஆர்பிட்டால் காலியாகக் கிடக்கும். எலக்ட்ரான் இணையைக் கையில் வைத்திருக்கும் எதுவும் அந்தக் காலி இடத்தில் வந்து உட்காரலாம்: தண்ணீரின் ஆக்சிஜன், அமீனின் நைட்ரஜன், காரத்தின் ஹைட்ராக்சைடு. இப்படி எலக்ட்ரான் இணையை ஏற்கும் பொருளுக்கு லூயிஸ் அமிலம் என்று பெயர்.

ஆக்சிஜன் மீது போரானுக்குத் தனி ஈர்ப்பு. பற்றவைக்கும்போது நகைப் பட்டறையில் வெங்காரம் தடவுவது இதனால்தான். வெங்காரம் போரானின் உப்பு. உருகியதும் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து எடுத்துவிடும்.

அடிக்கடி குழம்பும் மூன்று பெயர்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

1. போரிக் அமிலம்: போரானைச் சுற்றி மூன்று ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி. கார்பன் கிடையாது. கேரம் பவுடர், கரப்பான் பூச்சி மருந்து எல்லாம் இது.

2. போரானிக் அமிலம்: ஒரு ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் கார்பன், மீதி இரண்டு ஹைட்ராக்சில். எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் 1860-இல் முதன்முதலில் இப்படி ஒன்றைச் செய்தார். அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் இதற்குப் பெரிய வேலை எதுவும் வரவில்லை.

3. போரானிக் எஸ்டர்: அந்த இரண்டு ஹைட்ராக்சிலும் ஆல்கஹாலோடு சேர்ந்து, தண்ணீரை வெளியே தள்ளியபின் கிடைப்பது. இரண்டு ஹைட்ராக்சில் உள்ள ஆல்கஹாலை, அதாவது டையாலை, பயன்படுத்தினால் போரானையும் சேர்த்து ஒரு வளையம் உருவாகும்.

பள்ளியில் படித்த எஸ்டரை, வாழைப்பழ வாசனை அடிக்கும் அந்தக் கார்பாக்சிலிக் எஸ்டரை, இங்கே நினைத்துக்கொள்ள வேண்டாம். அதைப் பிரிக்க அமிலமோ காரமோ சூடோ வேண்டும். போரானிக் எஸ்டர் பலவும் அறை வெப்பத்திலேயே தண்ணீரோடு போவதும் வருவதுமாக இருக்கும்.

பினகால் எதற்கு?

போரானிக் அமிலத்தை அப்படியே வாங்கிப் பயன்படுத்தினால் என்ன? பயன்படுத்துகிறார்கள். சிக்கல் எடை போடும்போது தொடங்குகிறது. மூன்று மூலக்கூறுகள் சேர்ந்து மூன்று தண்ணீரைக் கழற்றிவிட்டு போராக்சின் என்ற ஆறணு வளையமாகிவிடும். பாட்டிலில் எவ்வளவு அமிலம், எவ்வளவு போராக்சின் என்பது உலர்த்திய விதத்தைப் பொறுத்து மாறும். ஃபீனைல், அதாவது பென்சீன் வளையம், ஒட்டிய போரானிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 121.9, அதன் போராக்சினுக்கு 311.7. அமிலம் என்று நம்பி 1.22 கிராம் எடுத்தால் 10 மில்லிமோல் போரான் கணக்கு. உள்ளே இருப்பது முழுக்கப் போராக்சின் என்றால் அது 11.7 மில்லிமோல். ஆறில் ஒரு பங்கு அதிகம்.

பினகால் என்ற டையால் இந்தத் தலைவலியைத் தீர்க்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில், இரண்டு மெத்தில். போரானோடு சேர்ந்தால் ஐந்தணு வளையம். நான்கு மெத்தில்களும் நெருக்கி நிற்பதால் வளையம் திறப்பது கடினம். தண்ணீரும் எளிதில் உள்ளே வர முடியாது. மெத்தனால் எஸ்டர் ஈரக்காற்று பட்டாலே போய்விடும். எத்திலீன் கிளைக்கால் எஸ்டர் கொஞ்சம் தாங்கும். பினகால் எஸ்டர் தண்ணீரால் கழுவினாலும் பெரும்பாலும் நிற்கும். பினேன் டையால் எஸ்டர் அதைவிடக் கெட்டி.

ஆனால் இந்த உறுதிக்கு விலை உண்டு. பின்னால் அமிலமாக மாற்ற வேண்டியிருந்தால் பினகாலை வெளியேற்றுவது படாதபாடு. வெறும் அமிலத்தைச் சேர்த்துக் கலக்கினால், பிரிந்த பினகால் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் பிரிந்த பினகாலை அழித்துவிடுவதே வழக்கம். அசிட்டோன்-தண்ணீர் கலவையில் சோடியம் பெர்அயோடேட் போட்டால் பினகால் இரண்டு அசிட்டோனாக உடைந்துவிடும். திரும்பி வர ஆள் இருக்காது.

ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தால்

எடுத்துக்காட்டுக்கு எளிய உறுப்பினர்: ஃபீனைல் போரானிக் பினகால் எஸ்டர். மூலக்கூறு எடை 204.07. வெள்ளைத் திண்மம் அல்லது நிறமற்ற எண்ணெய். ‘அல்லது’ என்பதற்குக் காரணம் அதன் உருகுநிலை: ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். குளிர்பெட்டியில் கல் போல இருக்கும். மே மாதச் சென்னையில் மேசையில் வைத்தால் எண்ணெயாக ஓடும். சரக்கு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது பாதி உருகிய நிலையை. அசுத்தம் திரவப் பகுதியில் சேரும். சுத்தமான பகுதி திண்மமாக நிற்கும். அப்படியே பிப்பெட்டால் உறிஞ்சினால் மோசமான பகுதிதான் கையில் வரும். மூடிய பாட்டிலை 35-40 டிகிரி வெந்நீரில் வைத்து முழுக்க உருக்கி, சுழற்றிக் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே மூடியைத் திறப்பது இன்னொரு தவறு. காற்றின் ஈரம் உள்ளே பனியாகப் படியும். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்.

சரக்கைச் சோதிக்க, காந்தப்புலத்தில் அணு உட்கருக்களின் குறிப்பைப் படிக்கும் என்எம்ஆர் சோதனை போதும். டியூட்டீரோ குளோரோஃபார்மில் புரோட்டான் என்எம்ஆர் எடுத்தால் 1.34 பிபிஎம் பக்கத்தில் 12 புரோட்டான் கொண்ட ஒற்றைக் கூர்முனை: நான்கு மெத்தில்கள். 1.23 பக்கத்தில் சின்னதாக ஒன்று எட்டிப் பார்த்தால் தனிப் பினகால் மிச்சமிருக்கிறது. கார்பன் என்எம்ஆரில் போரானோடு ஒட்டிய கார்பன் பெரும்பாலும் தெரியாது. ஒரு கார்பன் குறைகிறதே என்று பதற வேண்டாம், போரான் உட்கருவால் அந்தக் கோடு அகன்று மறைந்துவிடுகிறது. போரான் என்எம்ஆரில் எஸ்டர் 30-31 பிபிஎம் அருகே வரும். சாதாரணக் குழாயின் கண்ணாடியிலேயே போரான் இருப்பதால் பின்னணியில் அகலமான மேடு ஒன்று நிற்கும். அது தொல்லையாக இருந்தால் குவார்ட்ஸ் குழாய்தான் வழி.

தயாரிப்பு: 10 மில்லிமோல் அளவில்

1. 50 மில்லி ஃபிளாஸ்கில் ஃபீனைல் போரானிக் அமிலம் 1.22 கிராம், பினகால் 1.18 கிராம், டைஎத்தில் ஈதர் 20 மில்லி.

2. நீரற்ற மெக்னீசியம் சல்பேட் சுமார் 3 கிராம். வெளிவரும் தண்ணீர் 20 மில்லிமோல், அதாவது 0.36 கிராம், அதைப் பிடித்துக்கொள்ள இது தாராளம்.

3. மூடி, அறை வெப்பத்தில் சில மணி நேரம் கலக்க வேண்டும். இரவு முழுக்க விட்டாலும் கெடாது.

4. வடிகட்டி, கொஞ்சம் ஈதரால் கழுவி, ரோட்டாவில், அதாவது சுழலும் ஆவியாக்கியில், ஈதரை ஓட்டிவிட வேண்டும். கோட்பாட்டு விளைச்சல் 2.04 கிராம்.

பார்க்க எளிதுதான். கெடுவது பெரும்பாலும் பினகால் பாட்டிலால். பினகால் ஈரத்தை இழுத்து ஆறு தண்ணீர் சேர்ந்த ஹைட்ரேட்டாகும். அதன் மூலக்கூறு எடை 118-இலிருந்து 226-க்குப் போய்விடும். ஹைட்ரேட்டிலிருந்து 1.18 கிராம் எடுத்தால் 5.2 மில்லிமோல்தான் போயிருக்கும். பாதி அமிலம் வினைபுரியாமல் கிடக்கும்; மாணவர் வினை நேரத்தை இரட்டிப்பாக்கிப் பார்ப்பார், ஒன்றும் நகராது. பினகால் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் கவலையில்லை. அது தண்ணீரில் கரையும். இரண்டு முறை கழுவினால் போய்விடும்.

எடை கூடி வந்தால் ஈதரோ பினகாலோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். குறைந்தால் பம்பின் வெற்றிடத்தில் நீண்ட நேரம் விட்டிருப்பார்கள். இந்தச் சிறிய எஸ்டர்கள் மெல்ல ஆவியாகும்.

சுத்தப்படுத்த சிலிக்கா தூள் நிரப்பிய குழாயில் ஏற்றும்போதும் எச்சரிக்கை தேவை. சிலிக்காவின் ஹைட்ராக்சில்கள் போரானின் காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எஸ்டர் வால் போல இழுபடும், ஒரு பகுதி வெளியே வராது. போரிக் அமிலம் ஏற்றிய சிலிக்கா இந்தத் தொல்லையைக் குறைக்கிறது: பிடிக்கும் இடங்களை மலிவான போரான் முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது. கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் எந்தப் புள்ளி போரான் என்று தெரியாவிட்டால் கர்க்குமின் கரைசலில் முக்கினால் செம்மஞ்சளாகக் காட்டிக்கொடுக்கும். நம் வீட்டு மஞ்சளின் நிறமிதான். பள்ளி ஆய்வகத்தில் மஞ்சள் தாளை வைத்து போரிக் அமிலத்தைக் கண்டுபிடிப்பதும் இதே வேதியியல்.

முக்கியப் பயன்: சுசுகி இணைப்பு

நூறாண்டு சும்மா கிடந்த பொருளுக்கு வேலை வந்தது 1979-இல். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அகிரா சுசுகியும் நோரியோ மியாவுராவும் பல்லேடியம் வினையூக்கியும் காரமும் சேர்த்து, போரானில் இருந்த கார்பனை ஹேலைடில், அதாவது புரோமின் போன்ற ஹாலஜன் ஒட்டிய பொருளில், இருந்த கார்பனோடு ஒட்டினார்கள். சுசுகிக்கு 2010-இல் ரிச்சர்ட் ஹெக், எய்-இச்சி நெகிஷி ஆகியோரோடு வேதியியல் நோபல் கிடைத்தது. வினை மூன்று படிகளில் நடக்கும்.

1. பல்லேடியம் கார்பன்-புரோமின் பிணைப்பின் நடுவே நுழைகிறது.

2. காரத்தின் துணையோடு போரான் தன் கார்பனைப் பல்லேடியத்துக்குக் கைமாற்றுகிறது.

3. பல்லேடியத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கார்பன்களும் ஒன்றோடொன்று சேர்ந்து விலகுகின்றன. பல்லேடியம் அடுத்த சுற்றுக்குத் தயார்.

உதாரண அளவு: 4-புரோமோ அசிட்டோஃபீனோன் 199 மில்லிகிராம், அதாவது 1 மில்லிமோல், ஃபீனைல் எஸ்டர் 245 மில்லிகிராம், 1.2 மில்லிமோல், பொட்டாசியம் கார்பனேட் 276 மில்லிகிராம், டெட்ராகிஸ் டிரைஃபீனைல்பாஸ்பீன் பல்லேடியம் 35 மில்லிகிராம், டையாக்சேன் 4 மில்லி, தண்ணீர் 1 மில்லி. வினையூக்கியைச் சேர்க்கும் முன் நைட்ரஜனை 15-20 நிமிடம் கரைப்பானுக்குள் குமிழியிட்டு விட வேண்டும். பிறகு நைட்ரஜனுக்குக் கீழே, கண்டென்சர் வைத்து 80-90 டிகிரி.

எஸ்டரை 1.2 மடங்கு எடுப்பது தாராள மனத்தால் அல்ல. ஒரு பகுதி வழியிலேயே வீணாகும் என்பதால். எப்படி வீணாகிறது என்று தெரிந்தால் எதைச் சரிசெய்வது என்பதும் தெரியும்.

பைஃபீனைல் நிறைய வந்திருந்தால் ஆக்சிஜன் உள்ளே இருந்திருக்கிறது. இரண்டு எஸ்டர் மூலக்கூறுகளின் ஃபீனைல்கள் தங்களுக்குள்ளேயே இணைந்துவிட்டன. நைட்ரஜனைக் கரைப்பானின் மேல் ஊதினால் போதாது, ஊசி அடிவரை போக வேண்டும். ஃபீனால் வந்திருந்தால் சந்தேகம் கரைப்பான் மேல்: பழைய டையாக்சேனிலும் டெட்ராஹைட்ரோ ஃபியூரானிலும் பெராக்சைடு சேரும், அது கார்பன்-போரான் பிணைப்பை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். பெராக்சைடு சேர்ந்த கரைப்பானே தனியாக வெடி ஆபத்து என்பது வேறு. கலவை சீக்கிரமே கறுத்து வினை நின்றுவிட்டால் வினையூக்கி செத்துவிட்டது. நல்ல டெட்ராகிஸ் எலுமிச்சை மஞ்சள். பாட்டிலில் பழுப்போ பச்சையோ தெரிந்தால் அதை நம்ப வேண்டாம்.

மிகவும் படுத்துவது போரான் இருந்த இடத்தில் வெறும் ஹைட்ரஜன் வந்து உட்காருவது, புரோட்டோடிபோரனேஷன். சாதாரண ஃபீனைலுக்கு இது மெதுவாக நடக்கும். 2-பிரிடைல் போரானிக் அமிலத்துக்கோ 70 டிகிரியில், நடுநிலை நீர்க்கரைசலில், ஒரு நிமிடத்துக்குள் பாதி போய்விடும். இப்படிப்பட்ட சரக்கில் பினகால் எஸ்டராக இருப்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. தண்ணீரும் காரமும் உள்ள கலவையில் எஸ்டர் மெல்ல அமிலமாகும், அமிலம் சிதையும். தண்ணீரைக் குறைப்பது, வினையை வேகப்படுத்துவது, அதுவும் உதவாவிட்டால் போரானின் காலி இடம் ஏற்கெனவே நிரம்பிய டிரைஃபுளூரோபோரேட் உப்புக்கோ மிடா எஸ்டருக்கோ மாறுவது என்று போக வேண்டும்.

சிக்கலான மூலக்கூறில் எஸ்டரை ஏற்ற 1995-இல் மியாவுரா குழு தந்த வழி இன்றும் முதல் தேர்வு: இரண்டு பினகால் போரான்கள் முதுகோடு முதுகு ஒட்டிய டைபோரான், பல்லேடியம், பொட்டாசியம் அசிட்டேட், 80 டிகிரி. கார்பனேட்டுக்குப் பதிலாக அசிட்டேட் ஏன் என்றால், வலுவான காரம் போட்டால் அப்போதுதான் உருவான எஸ்டர் மீதமுள்ள ஹேலைடோடு சுசுகி இணைப்பில் இறங்கிவிடும்.

தொழில் அளவில் பூஞ்சைக்கொல்லியான போஸ்கலிட் சுசுகி இணைப்பு வழியே டன் கணக்கில் தயாராகிறது. அங்கே விலை காரணமாக எஸ்டர் இல்லை, போரானிக் அமிலம்தான். நுரையீரல் புற்றுநோய்க்கான கிரிசோட்டினிப் தயாரிப்பில் பைரசோல் பினகால் எஸ்டர் பயன்படுகிறது.

மருந்துக் குப்பிக்குள் ஓர் எஸ்டர்

இதுவரை சொன்னதில் போரான் வேலையை முடித்துவிட்டு வெளியேறிவிடும். போரானே மருந்தாக நிற்கும் இடமும் உண்டு. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2003-இல் அமெரிக்க அனுமதி பெற்ற போர்ட்டிசோமிப் ஒரு போரானிக் அமிலம். செல்லுக்குள் புரதத்தை நறுக்கும் புரோட்டியசோமில் உள்ள திரியோனினின் ஆக்சிஜன், போரானின் காலி இடத்தைப் பிடிக்கிறது, நறுக்குவது நின்றுவிடுகிறது.

அதன் 3.5 மில்லிகிராம் குப்பியில் 35 மில்லிகிராம் மேனிட்டாலும் இருக்கும். இனிப்புக்காக அல்ல. மேனிட்டால் பல ஹைட்ராக்சில் உள்ள சர்க்கரை ஆல்கஹால். போர்ட்டிசோமிபோடு போரானிக் எஸ்டராகி, உலர்ந்த தூளாக நிலைத்து நிற்க வைக்கிறது. உப்புக்கரைசலைச் சேர்த்ததும் எஸ்டர் பிரிந்து அமிலத்தோடு சமநிலைக்கு வரும். பினகாலாக இருந்தால் இவ்வளவு எளிதில் விட்டுத்தராது.

இதே வேதியியல் எதிராகவும் திரும்பும். பச்சைத் தேயிலையின் பாலிஃபீனாலில் பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில்கள் உண்டு; போர்ட்டிசோமிபைப் பிடித்து எஸ்டராக்கிவிடும். அது மருந்தின் வேலையைத் தடுத்ததை 2009-இல் செல், எலி ஆய்வுகள் காட்டின. இந்த மருந்து எடுப்பவர்கள் பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வது இதனால்.

குளுக்கோஸிலும் அப்படிப்பட்ட ஹைட்ராக்சில்கள் இருப்பதால் போரானிக் அமிலம் அதை மீளக்கூடிய எஸ்டராகப் பிடிக்கும். தோலுக்கடியில் பொருத்தும் எவர்சென்ஸ் சர்க்கரை உணரியின் அடிப்படை இது; சர்க்கரை ஏறினால் ஒட்டுவது கூடும், ஒளிர்வு மாறும்.

ஆபத்து எவ்வளவு?

ஃபீனைல் பினகால் எஸ்டர் போன்றவை காற்றில் தீப்பிடிப்பதில்லை, வெடிப்பதில்லை. தோலையும் கண்ணையும் உறுத்தும், விழுங்கினால் தீங்கு. பயப்பட வேண்டிய வரி மரபணுப் பிறழ்வு பற்றியது. 2011-இல் வெளியான ஆய்வில், சோதித்த போரானிக் அமிலங்களில் பெரும்பாலானவை பாக்டீரியாவில் பிறழ்வை உண்டாக்கின. ஆனால் அவை டிஎன்ஏவோடு நேராக ஒட்டியதற்கான தடயம் கிடைக்கவில்லை. மனிதரில் புற்றுநோய் வரும் என்பதற்கு இது சான்று ஆகாது. இருந்தாலும் எஸ்டர் உடலில் அமிலமாக மாறக்கூடியது என்பதால், வேறு தரவு இல்லாதவரை பிறழ்வுப் பொருளாகவே நடத்துவது சரி. மருந்து ஆலையில் இதன் பொருள்: இறுதி மருந்தில் இந்த மிச்சத்துக்கு, வாழ்நாள் முழுக்க உட்கொள்ளும் மருந்தானால், ஒரு நாளைக்கு 1.5 மைக்ரோகிராம் என்ற வரம்பு.

பெயர் ஒற்றுமையில்தான் பெரிய விபத்துக்கு இடம். பினகால் போரேன் என்பது வேறு பொருள். அதில் போரானில் நேராக ஹைட்ரஜன் உண்டு. தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், தீப்பற்றும். எஸ்டர் என்று நினைத்து அதன் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. லேபிளைக் கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும்.

அன்றாட வேலைக்கு:

1. எடை போடுவது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள். கண்ணாடி, லேப் கோட், நைட்ரைல் கையுறை. டையாக்சேனும் டெட்ராஹைட்ரோ ஃபியூரானும் நைட்ரைலைச் சீக்கிரம் ஊடுருவும். தெறித்தால் துடைக்காமல் கையுறையையே மாற்ற வேண்டும்.

2. சேமிப்பு 2-8 டிகிரி, உலர்ந்த இடம், முடிந்தால் ஆர்கானுக்குக் கீழே. ஹைட்ரஜன் பெராக்சைடு, பெர்அயோடேட் அலமாரியில் வைக்கக் கூடாது. பெராக்சைடு எஸ்டரைச் சூடு கக்க ஃபீனாலாக்கும்.

3. சிந்தினால், திண்மமானால் ஈரத்தாளால் ஒற்றி எடுக்கலாம். உருகிய எண்ணெயானால் வெர்மிகுலைட் போட்டு உறிஞ்சி, மூடிய டப்பாவில்.

4. கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீர், பிறகு மருத்துவர்.

கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. எஸ்டர் சிதைந்து கடைசியில் போரிக் அமிலமாகத்தான் நிற்கும். போரான் எங்கும் மறையாது. பயிருக்குப் போரான் வேண்டும், ஆனால் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டலில் பாசன நீருக்குத் தடையில்லாத அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்குக் கீழே. 3-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு. எஸ்டரும் அதைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் தாய்க்கரைசலும் ஹாலஜன் இல்லாத கரிமக் கழிவு டிரம்மில் போக வேண்டும். புரோமைடு மிச்சம் உள்ள சுசுகிக் கலவை ஹாலஜன் டிரம்மில். பல்லேடியம் படிந்த செலைட் என்ற வடிகட்டும் தூளைத் தனி டப்பாவில், தண்ணீரில் நனைத்து மூடி வைக்க வேண்டும். உலரவிட்டால் கரைப்பான் ஆவியோடு தீப்பிடிக்கலாம். அந்தப் பல்லேடியத்தை மீட்பவர்கள் விலை கொடுத்தே வாங்கிக்கொள்வார்கள்.